இரண்டு பூஜ்யங்கள், ஓர் எல்லை

மேசை மேல் வைத்து மரத்தில் பெயர்ப்பலகை செதுக்கும் சின்ன சிஎன்சி இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகப் பழக்கம். செதுக்கும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைச் சுமந்துகொண்டு போகும் வண்டி கடைசிவரை போய் முட்டிவிடும். அதற்கு மேல் வழி இல்லை. மோட்டார் மட்டும் விடாமல் ‘டர்ர்ர்’ என்று உறுமும். பதறிப்போய் சுவிட்சை அணைப்போம். பார்த்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. இந்த அளவு மோட்டாருக்கு அத்தனை பலம் கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று கெட்டிருக்கும். தான் எங்கே நிற்கிறோம் என்று இயந்திரம் வைத்திருந்த கணக்குதான் அது.

இந்த முட்டலைத் தவிர்க்கத்தான் சாஃப்ட் லிமிட் என்ற வசதி. நான்கைந்து எண்களை மாற்றினால் அது வேலை செய்யத் தொடங்கிவிடும். இருந்தும் பலர் அதை ஒருமுறை போட்டுப் பார்த்து, ‘சும்மா சும்மா அலாரம் அடிக்கிறது’ என்று அணைத்துவிடுகிறார்கள். குறை அவர்களிடமும் இல்லை, வசதியிலும் இல்லை. இடையில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு போவோம்.

பேச்சுக்கு 3018 என்ற வகை இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பொழுதுபோக்காகச் செய்பவர்களிடம் அதிகம் புழங்குவது இதுதான். 30 சென்டிமீட்டர் அகலம், 18 சென்டிமீட்டர் ஆழம் என்பதைத்தான் பெயரே சொல்கிறது. மேலும் கீழும் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் நகரும். இதை ஆட்டிவைப்பது ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் எழுதத் தொடங்கியது. அர்டுய்னோ யூனோ பலகையில் இருக்கும் சின்னஞ்சிறு சில்லுக்குள் மொத்தமும் அடங்கிவிடும். அந்தச் சில்லில் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

முதல் விஷயம்: இந்த இயந்திரத்துக்குக் கண் இல்லை. அதில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்து, படிப்படியாகத் திரும்பும் மோட்டார். ஒவ்வொரு படியையும் மோட்டாரை இயக்கும் டிரைவர் சுற்று மேலும் 16 துண்டாக நறுக்குகிறது. ஆக ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புகள். திருகுத்தண்டு ஒருமுறை சுற்றினால் வண்டி 4 மில்லிமீட்டர் நகரும் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள். ‘பத்து மில்லிமீட்டர் போ’ என்று நாம் சொன்னால், கட்டுப்பாட்டுப் பலகை 8,000 துடிப்புகளை அனுப்பிவிட்டு, பத்து மில்லிமீட்டர் போயாகிவிட்டது என்று குறித்துக்கொள்ளும். உண்மையில் போனதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க அதற்கு வழியும் இல்லை.

மின்சாரம் போன இரவில் வீட்டுக்குள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு சுவரைத் தொட்டுவிட்டால் போதும். அங்கிருந்து எட்டு அடி வைத்தால் சமையலறை வாசல் என்று எண்ணிக்கொண்டே போய்விடலாம். இயந்திரம் எப்போதும் அந்த இருட்டில்தான் நடக்கிறது. அது சுவரைத் தொடும் சடங்குக்குப் பெயர் ஹோமிங்.

ஹோமிங்கில் நடப்பது இதுதான். ஒவ்வொரு அச்சின் கோடியிலும் ஒரு சின்ன லிமிட் சுவிட்ச் இருக்கும். ஹோம் பொத்தானை அழுத்தியதும் முதலில் இசட் அச்சு மேலே ஏறும். பிட் எதிலும் இடித்துவிடக் கூடாது என்பதால் அதற்கு முதலிடம். பிறகு இட-வலமாக நகரும் எக்ஸும் முன்-பின்னாக நகரும் ஒய்யும் தங்கள் சுவிட்சைத் தேடிப் போகும். வேகமாகப் போய் ஒருமுறை தொட்டு, விலகி, இந்த முறை மிக மெதுவாக வந்து மறுபடி தொடும். அந்த இரண்டாவது தொடுதல்தான் கணக்கு. அதன்பின் சுவிட்சிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். சுவிட்ச் அழுத்தப்பட்ட அந்த இடம்தான் இயந்திரத்தின் பூஜ்யம். விலகி நிற்பதால் திரையில் −1 என்று தெரியும்.

ஏன் கழித்தல் குறி? ஜிஆர்பிஎல் வழக்கமாக வலது, பின், மேல் கோடிகளைத் தன் வீடாகக் கொள்ளும். (3018-இல் ஒய் அச்சில் நகர்வது மேசை, மேசை முன்னால் வரும்போது பிட் மரத்தின் பின்பக்கம் நிற்கும்.) அங்கே பூஜ்யம் என்றால், மற்ற இடமெல்லாம் அதற்கு இடப்பக்கம், முன்பக்கம், கீழ்ப்பக்கம். ஆகவே இயந்திரத்தின் உலகம் முழுவதும் கழித்தல் எண்களால் ஆனது. இதைப் பார்த்து ஏதோ தப்பு என்று பயப்பட வேண்டாம்.

இனி இரண்டு வகை லிமிட்டையும் பிரித்துக்கொள்வோம். ஹார்ட் லிமிட் என்பது அந்தச் சுவிட்சையே காவலுக்கு வைப்பது. வேலை நடக்கும்போது வண்டி போய்ச் சுவிட்சைத் தொட்டால், எல்லாம் அந்தக் கணமே நின்றுவிடும். வேகத்தைக் குறைத்து நிற்க அவகாசம் கிடையாது; துடிப்புகள் அறுந்துபோகும். ஓடிக்கொண்டிருந்த வண்டி அதே இடத்தில்தான் நின்றது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் கணக்கு போச்சு என்றே ஜிஆர்பிஎல் எடுத்துக்கொள்ளும். அலாரம் 1 வந்தால், மறுபடி ஹோமிங் செய்துதான் ஆக வேண்டும்.

சாஃப்ட் லிமிட் சுவிட்சைக் காவலுக்கு வைப்பதில்லை. அது வெறும் கணக்கு. ஒவ்வொரு நகர்வுக் கட்டளையும் வரும்போது, ‘இது போய்ச் சேரப்போகும் இடம் என் எல்லைக்குள் இருக்கிறதா’ என்று சில்லு ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லை என்றால், அந்த நகர்வைத் தொடங்கவே தொடங்காது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை முறையாக வேகம் குறைத்து நிறுத்தி, ஸ்பிண்டிலை அணைத்து, அலாரம் 2 என்று சொல்லும். திடீரென்று அறுபடாததால் கணக்கு அப்படியே இருக்கும். ரீசெட் செய்து, அன்லாக் செய்து, தொடரலாம்.

ஆக, சாஃப்ட் லிமிட்டின் மொத்த பலமும் ஹோமிங்கில் இருக்கிறது. சுவரைத் தொடாதவன் அடி எண்ணிப் பயனில்லை. ஜிஆர்பிஎல் இதில் கறார்: ஹோமிங்கை இயக்காமல் $20=1 என்று சாஃப்ட் லிமிட்டை இயக்கப் பார்த்தால், பிழை 10 என்று மறுத்துவிடும். அடிப்படை விலை 3018 பலவற்றில் லிமிட் சுவிட்சே இருக்காது. அப்படியானால் முதல் வேலை மூன்று சுவிட்ச் வாங்கிப் பொருத்துவது.

இப்போது அமைக்கத் தொடங்குவோம். ஜிஆர்பிஎல்லுக்கு $$ என்று தட்டி அனுப்பினால் எல்லா அமைப்புகளும் வரிசையாக வரும். $20 சாஃப்ட் லிமிட், $21 ஹார்ட் லிமிட், $22 ஹோமிங். $130, $131, $132 மூன்றும் முறையே எக்ஸ், ஒய், இசட் அச்சுகள் அதிகபட்சம் எவ்வளவு நகரலாம் என்பதை மில்லிமீட்டரில் சொல்லும். யாரும் தொடாவிட்டால் மூன்றிலும் 200 என்றே இருக்கும். இங்கேதான் பலர் பெட்டியில் அச்சிட்ட 300, 180, 45 எண்களை அப்படியே போட்டுவிடுகிறார்கள். சுவிட்ச் பொருத்திய இடம், ஸ்பிண்டில் பிடிப்பானின் தடிமன், வயர் இழுபடும் தூரம் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்றுவிடும். அளக்காமல் போட்ட எல்லை இல்லாத இடத்தையும் இருப்பதாகச் சொல்லும்.

அளப்பது எளிது. ஒரு மில்லிமீட்டருக்கான துடிப்பு எண்ணிக்கை ($100, $101, $102) முதலில் சரியாக இருக்கட்டும்; பிறகு அதை மாற்றினால் அளவுகள் எல்லாம் மாறிவிடும். $22=1 என்று ஹோமிங்கை இயக்கி, $20=0 என்றே வைத்து, ஹோம் செய்யுங்கள். எக்ஸ் அச்சை எதிர்க்கோடி நோக்கி ஜாக் செய்யுங்கள். ஜாக் என்றால் பொத்தானை அழுத்திக் கையால் நகர்த்துவது. முதலில் பத்துப் பத்து மில்லிமீட்டராக, நெருங்கியதும் ஒவ்வொன்றாக. முட்டும்வரை போக வேண்டாம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே நில்லுங்கள். திரையில் இயந்திர நிலை என்ற எண்ணைப் பாருங்கள். −287 என்று காட்டினால், $130=287. ஒய்க்கும் இசட்டுக்கும் இதே போல. உங்கள் இயந்திரம் இடது மூலையில் ஹோம் ஆகும் வகை என்றால், ஹோம் ஆனதும் காட்டிய எண்ணுக்கும் கடைசியில் நின்ற எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தோடு, விலகி நின்ற ஒரு மில்லிமீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள்; அதுதான் போட வேண்டிய எண். எல்லாம் போட்டபின் $20=1. மறுபடி ஒருமுறை ஹோம் செய்யுங்கள்.

அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரை மிச்சம் வைத்ததற்குக் காரணம் உண்டு. சோதித்துப் பார்க்க அது பாதுகாப்பான இடம். பிட்டை மேலே தூக்கிவைத்து, ஜாக் செய்யாமல், எல்லைக்கு ஒரு மில்லிமீட்டர் அப்பால் போகும்படி நகர்வுக் கட்டளையாகவே கொடுங்கள். எல்லை வேலை செய்தால் அலாரம் வரும். ஏதோ காரணத்தால் வேலை செய்யாவிட்டாலும் முட்டாது.

இதுவரை சுலபம். இனிதான் அந்தக் குழப்பம்.

ஒரு மரப்பலகையை மேசையில் இறுக்குகிறோம். அதன் இடது முன் மூலைக்குப் பிட்டைக் கொண்டுபோய், எக்ஸ் பூஜ்யம், ஒய் பூஜ்யம் என்று பொத்தானை அழுத்துகிறோம். பிட் மரத்தைத் தொடும் உயரத்தில் இசட் பூஜ்யம். நம் வடிவம் 250 மில்லிமீட்டர் அகலம். எல்லை 287. இடம் தாராளமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. தொடங்கினால், பாதியில் அலாரம் 2. ‘250 என்பது 287-ஐ விடச் சின்ன எண்தானே, இதுகூடத் தெரியாத இயந்திரமா?’ என்ற கோபத்தில் $20=0 என்று அணைத்துவிடுகிறோம்.

நடந்தது என்னவென்றால், இயந்திரத்தில் பூஜ்யம் இரண்டு. நாம் அழுத்திய பூஜ்யம் வேலையின் பூஜ்யம். மரத்தை எங்கே வைத்தோமோ அங்கே அது இருக்கும். பலகைக்குப் பலகை இடம் மாறும். ஹோமிங்கில் கிடைத்தது இயந்திரத்தின் பூஜ்யம். அது சுவிட்ச் இருக்கும் இடத்தைவிட்டு நகராது. சாஃப்ட் லிமிட் பார்ப்பது இரண்டாவதை மட்டும்தான். நாம் எத்தனை முறை வேலைப் பூஜ்யத்தை மாற்றினாலும் எல்லை அசைவதில்லை.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். நாம் பூஜ்யம் என்று அழுத்திய மூலை, இயந்திரக் கணக்கில் −240 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வலப்பக்கம் 250 மில்லிமீட்டர் போக வேண்டும். −240-உடன் 250-ஐக் கூட்டினால் +10. இயந்திரத்தின் உலகம் பூஜ்யத்தோடு முடிந்துவிடுகிறதே, +10 என்ற இடமே அங்கே இல்லை. அந்த மூலையிலிருந்து மிச்சம் இருந்தது 240 மில்லிமீட்டர்தான். மரத்தை இடப்பக்கம் இன்னும் 15 மில்லிமீட்டர் தள்ளி இறுக்கியிருந்தால் மூலை −255 ஆகியிருக்கும். வடிவம் −5-இல் முடிந்து, ஒரு சத்தமும் இல்லாமல் வேலை நடந்திருக்கும்.

இருட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனால் இது நியாயம் என்று புரியும். கட்டிலை இன்று இங்கே போடுகிறோம், நாளை அங்கே. கட்டிலிலிருந்து ஆறடி நடந்தால் இடிக்குமா என்பது கட்டில் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. சுவர் மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. இடிக்கப்போவது சுவரில் என்பதால், சுவரிலிருந்துதான் எண்ண வேண்டும்.

இதே குழப்பம் இசட் அச்சில் வரும்போது இன்னும் வேடிக்கையாக இருக்கும், ஏனென்றால் முதல் வரியிலேயே அலாரம் அடித்துவிடும். தடித்த மரம், பிட்டும் நீளமாகத் தொங்குகிறது. வண்டி ஏறக்குறைய உச்சியில் இருக்கும்போதே பிட் மரத்தைத் தொட்டுவிடுகிறது. இயந்திரக் கணக்கில் −5 என்று வையுங்கள். அங்கே இசட் பூஜ்யம் அழுத்துகிறோம். வடிவம் தயாரித்த மென்பொருளோ, வேலையின் முதல் வரியிலேயே ‘பத்து மில்லிமீட்டர் மேலே தூக்கு’ என்று எழுதிவைத்திருக்கும். மரத்தில் உரசாமல் நகர அது பாதுகாப்பு உயரம். −5-உடன் 10 கூட்டினால் +5. அலாரம் 2. ஒரு மில்லிமீட்டர்கூட செதுக்கவில்லை, அதற்குள் எல்லை மீறியதாகக் குற்றச்சாட்டு! தீர்வு இரண்டு. பாதுகாப்பு உயரத்தை 3 மில்லிமீட்டராகக் குறைக்கலாம். அல்லது பிட்டைக் காலெட்டுக்குள், அதாவது அதைக் கவ்விப் பிடிக்கும் குழலுக்குள், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இறுக்கலாம். அப்போது மரத்தைத் தொட வண்டி இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும், மேலே இடம் மிஞ்சும்.

பாதியில் நின்ற வேலையைப் பார்த்து வரும் சந்தேகம் ஒன்று உண்டு. பிட் எல்லையிலா நிற்கிறது? இல்லை, எங்கோ நடு மரத்தில் நிற்கிறது. இங்கேதான் அந்த 2 கிலோபைட் வருகிறது. முழு வேலையையும் முன்கூட்டிப் படித்துவைக்க அந்தச் சில்லில் இடம் இல்லை. வரி வரியாக வாங்கி, சுமார் 15 நகர்வுகளை மட்டும் வரிசையில் வைத்துக்கொண்டு ஓடும். எல்லையை மீறும் வரி அந்த வரிசையில் சேர வரும்போதே பிடிபடுகிறது. பிட் அப்போது அதற்குப் பல நகர்வுகள் முன்னால் இருக்கும். அலாரம் சொல்வது வரப்போகும் வரியைப் பற்றி. லினக்ஸ்சிஎன்சி போல முழுக் கணினியில் ஓடும் மென்பொருள்கள் கோப்பைத் திறக்கும்போதே மொத்த வேலையின் எல்லையைப் பார்த்து எச்சரித்துவிடும். ஜிஆர்பிஎல்லிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

சாஃப்ட் லிமிட் எங்கே கைவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் இயந்திரத்தின் கணக்கு அழிந்துவிடும். ஹோமிங் இயக்கியிருந்தால், எழுந்ததும் பூட்டிக்கொண்டு ‘முதலில் ஹோம் செய்’ என்று கேட்கும். அவசரத்தில் பலர் அன்லாக்கை அழுத்திவிடுகிறார்கள். அப்போது நிற்கும் இடத்தையே பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டு அது நடக்கத் தொடங்கும். நடுவில் நிற்கும் வண்டியை வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட விடாது. இடப்பக்கம் 287 மில்லிமீட்டர் போகலாம் என்று தைரியமாக அனுமதிக்கும். இல்லாத இடத்தில் தடுத்து, முட்டும் இடத்தில் வழிவிடும் எல்லை, எல்லையே இல்லாததைவிட மோசம்.

வேலை நடுவே பிட் மரத்தில் சிக்கி மோட்டார் சில படிகளைத் தவறவிட்டாலும் இதே கதைதான். துடிப்பு போனது, வண்டி போகவில்லை, கணக்கு மட்டும் முன்னேறிவிட்டது. அதனால்தான் இரண்டு லிமிட்டும் சேர்ந்தே இருப்பது நல்லது. கணக்கு பிசகினாலும், சுவிட்ச் இருக்கும் கோடியில் அது பிசகாது. ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சலால் சுவிட்ச் வயரில் பொய்யான அலாரம் வருவது உண்டு. உறையிட்ட கேபிளும், மோட்டார் வயரிலிருந்து தள்ளி எடுத்துச் செல்வதும் பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும்.

இன்னொன்று: எல்லை என்பது வண்டிக்கு மட்டும். மரத்தை இறுக்கிய கிளாம்ப் எங்கே இருக்கிறது, பிட் எவ்வளவு நீளம், மேசையில் எப்போது குத்தும் என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. $132 சரியாக இருந்தாலும் நீளமான பிட் மேசையைத் துளைக்கலாம்.

கடைசியாக, அலாரமே வராமல் செய்யும் ஒரு வழி. ஜாக் செய்யும்போது எல்லையைத் தாண்டச் சொன்னால், ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பு அலாரம் அடிப்பதில்லை. பிழை 15 என்று சொல்லி, அந்தக் கட்டளையை மட்டும் தள்ளிவிடும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும், எதுவும் பூட்டிக்கொள்ளாது. இதை நாம் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஹோம் செய்து, வேலைப் பூஜ்யம் வைத்த பிறகு, முதலில் வடிவத்தின் பாதுகாப்பு உயரத்துக்கு ஜாக் செய்து தூக்குங்கள். அந்த உயரத்திலேயே வடிவத்தின் நான்கு மூலைகளுக்கும் போய்ப் பாருங்கள். கிளாம்ப் வழியில் இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐந்து நகர்வும் மறுப்பில்லாமல் நடந்தால், செதுக்கும் ஆழம் தவிர மற்றபடி வடிவம் எல்லைக்குள் அடங்குகிறது. எங்காவது பிழை 15 வந்தால் $20-ஐத் தொட வேண்டாம். தூக்கும்போது வந்தால், இசட்டுக்கு மேலே சொன்ன தீர்வுகள். மூலையில் வந்தால், வேலைப் பூஜ்யத்தின் இயந்திர எண்ணோடு வடிவத்தின் அளவைக் கூட்டுங்கள். அது பூஜ்யத்தை எவ்வளவு தாண்டுகிறதோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மரத்தை நகர்த்தி இறுக்கினால் போதும்.